சுவருக்கு அந்தப் பக்கம்

மார்ச் 3, ஞாயிறு

பிள்ளைகளுக்கான ஞாயிறு வகுப்பை இனி மூன்று மாதம் நான்தான் எடுக்கிறேன். சொன்னவர் போதகர், ஆராதனை முடிந்த கையோடு, வாசலில். வழக்கமான டீச்சர் பிரசவ விடுப்பில் போகிறார். உறுதி செய்தவர் போதகரின் மனைவி; பாடப் புத்தகத்தை என் கையில் திணித்தவரும் அவர்தான்.

முப்பத்தோரு வருடம் நிருபராக இருந்தவனுக்குக் கேள்வி கேட்கத் தெரியும். பதில் சொல்லத்தான் பழக்கமில்லை. ஒன்பது பிள்ளைகள், எட்டு வயது முதல் பத்து வரை. முதல் பாடம்: அன்றாட வாழ்க்கையில் கடவுளின் அழைப்பைக் கேட்பது.

"கடவுள் எதுல சார் கூப்பிடுவாரு? போன்லயா?" என்றான் கடைசி பெஞ்சில் இருந்தவன். அவனை எல்லோரும் வால் என்கிறார்கள்.

"போன்ல இல்லடா. யாராச்சும் தனியா உக்காந்திருப்பாங்க. அம்மா கை நிறைய சாமானோட படி ஏறுவாங்க. 'நீ போ'ன்னு உள்ள ஒண்ணு சொல்லும். அதான்."

"எனக்கு உள்ள பசிக்குதுன்னு மட்டும்தான் சார் சொல்லுது."

ஆளுக்கொரு சின்ன நோட்டு கொடுத்தேன். எப்போது, எங்கே, என்ன கேட்டது என்று எழுத வேண்டும். பிறகு இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். உறுதி ஆகாததை நம்பக் கூடாது. நான் தொழிலில் ஒருநாளும் மீறாத விதி அது.

வீட்டில் சொன்னேன். மனைவி சிரித்தாள். "கடவுளே நேர்ல வந்தாலும் நீங்க அடையாள அட்டை கேப்பீங்க."

மார்ச் 6, புதன்

வால் போன் செய்தான். வீட்டுப் பாடம் எழுதச் சொல்லி உள்ளே இதுவரை எதுவும் கூப்பிடவில்லை, அவன் தங்கையும் அதை உறுதி செய்துவிட்டாளாம்.

மார்ச் 10, ஞாயிறு, மதியம்

பிள்ளைகள் நோட்டைப் படித்தார்கள். ஒருத்தி வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவளுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்திருக்கிறாள். ஒருவன் அப்பாவின் செருப்பைத் துடைத்திருக்கிறான். அணில் எழுந்தாள். முன்பற்களுக்காக வைத்த பெயர், அவளுக்கு அதில் பெருமைதான். வகுப்பிலேயே சுத்தமான கையெழுத்து அவளுடையது.

"சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. எங்கள் படுக்கையறை. சுவரில் யாரோ தட்டினார்கள். மூன்று தடவை. பிறகு மறுபடியும் மூன்று. என்னைக் கூப்பிடுவது போல இருந்தது. அம்மாவிடம் கேட்டேன். தண்ணீர்க் குழாய் என்றார். உறுதி ஆகவில்லை."

எல்லோர் முன்னாலும் பாராட்டினேன். இதுதான் சரியான முறை என்றேன்.

அதே நாள், மாலை

எழுதவே கை வரவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மூன்று மணிக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு கேள்வி: அணில் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள்? நான் அதைக் கேட்கவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்து நிருபர்கூடக் கேட்டிருப்பான்.

அணிலின் அம்மாவுக்குப் போன் செய்தேன். மருந்துக் கடையில் வேலை செய்கிறவர். "அந்தப் பக்கம் தையல்காரர் சார். ஒண்டி ஆளு. ரெண்டு நாளா மிஷின் சத்தம் கேக்கல, மக வீட்டுக்குப் போயிருப்பாருன்னு..." பாதியில் நிறுத்திவிட்டார். "சார், நான் வச்சிடறேன்."

நான் போய்ச் சேர்வதற்குள் கதவை உடைத்திருந்தார்கள். துணி வெட்டும் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் தையல்காரர் கிடந்தார். இடுப்பெலும்பு முறிவு. உயிர் இருந்தது. அளக்கும் மரக்கோல் கையிலேயே இருந்தது.

சனி மாலை ஆறு முதல் ஞாயிறு மாலை நாலு வரை. இருபத்திரண்டு மணி நேரம்.

அந்தக் கேள்வியை மூன்று மணிக்கு எனக்குக் கொடுத்தது யார்? அதற்கு என்னிடம் இரண்டாவது ஆதாரம் இல்லை. ஆனாலும் போன் செய்தேனே. காலையிலேயே ஏன் இல்லை? பாராட்டினேனே, பாவி — அந்தப் பிள்ளையை நிற்க வைத்துப் பாராட்டினேனே!

மார்ச் 11, திங்கள்

அறுவை சிகிச்சை முடிந்தது. பேசுகிறார். தகவல்: அவருடைய மகள்.

மார்ச் 13, புதன்

அணில் நோட்டைக் கிழித்துவிட்டாளாம். இனி வகுப்புக்கு வர மாட்டாளாம். அவள் வீட்டுக்குப் போனேன்.

"நீங்கதானே சார் உறுதி பண்ணச் சொன்னீங்க?" என்றாள், கதவைப் பிடித்துக்கொண்டே.

"ஆமா. நான் சொன்னது தப்பு."

"குழாய்னு சொன்னது நானு," என்றார் அவள் அம்மா, கண்ணைத் துடைத்தபடி.

"இனிமே எது கேட்டாலும் நான் காதுல வாங்க மாட்டேன்," என்றாள் அணில். உள்ளே போய்விட்டாள்.

தையல்காரர் பிழைத்துவிட்டார். இந்தப் பிள்ளையின் காதை நான் அடைத்துவிட்டேனோ?

மார்ச் 17, ஞாயிறு

பத்திரிகையில் தவறு வந்தால் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் திருத்தம் போடுவோம். இன்று கரும்பலகை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டேன்: 'சார் சொன்னது தப்பு.' பிள்ளைகளுக்குச் சொன்னேன் — ஒருத்தரைப் பற்றி ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்க உங்கள் ஒரு காது போதும்.

"போய்ப் பாத்து ஒண்ணுமே இல்லன்னா?" என்றான் வால்.

"ஒண்ணுமில்லன்னு சந்தோஷமா திரும்பி வா."

அணிலின் இடம் காலி.

மார்ச் 20, புதன்

அணிலை அவள் அம்மா மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார். அம்மா போனில் சொன்னது: இவள் தலையைக் குனிந்தபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாளாம். தையல்காரர், "நான் தட்டுனது உனக்குக் கேட்டுச்சா? அப்ப நான் வீணாத் தட்டல. அது போதும் கண்ணு," என்றாராம். பிறகு, அவள் கவுனின் ஓரம் பிரிந்திருப்பதைப் பார்த்து, எந்த அரைகுறை தைத்தது என்று கோபப்பட்டாராம்.

மார்ச் 24, ஞாயிறு

தையல்காரர் நேற்று நாலு அடி நடந்தார். தகவல்: வார்டு நர்ஸ், காலை எட்டரை மணிக்கு, போனில்.

அணில் வந்தாள். நோட்டு இல்லை. நானும் கேட்கவில்லை. பாடம் பாதியில் இருக்கும்போது வெளியே எங்கோ சின்னக் குழந்தையின் குரல், விட்டு விட்டு. வகுப்பில் யாரும் திரும்பவில்லை. அணில் மட்டும் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் எழுந்து வெளியே ஓடினாள்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். "போதகரோட பேரன் சார். அழல. மேசைக்கு அடியில ஒளிஞ்சிக்கிட்டுச் சிரிக்கிறான்."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள், இரண்டு முன்பற்களும் தெரிய.

தையல்காரர் வீடு திரும்பும் நாள் இன்னும் முடிவாகவில்லை. பெரிய மருத்துவர் வியாழக்கிழமை காலை பார்த்துவிட்டுச் சொல்வாராம்.