வெயிலில் மட்டும் விரியும் டெய்சி

பிப்ரவரி 2, திங்கள்
பனி. எதிர் வீடே தெரியவில்லை. மழை முடிந்ததும் விதைத்த ஆப்பிரிக்க டெய்சியில் மொட்டு, மடக்கின குடை மாதிரி. ஆறு மணிக்குக் கம்பெனி பஸ். என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பிரஸ் மெஷினில் வலது கையில் இரண்டு விரல் போனதிலிருந்து தெருவுக்கே வருவதில்லை. கைமேல் எப்போதும் ஒரு துண்டு.
வாங்க: பச்சைமிளகாய், அவர் மாத்திரை.

3, செவ்வாய்
ஓவர்டைம். வரும்போது இருட்டு. டார்ச் அடித்துப் பார்த்தேன், மொட்டு மொட்டாகவே. பஸ்ஸில் கலா, "விதை டூப்ளிகேட்டுக்கா. பேஜாருதான்" என்றாள். தண்ணீர் அதிகமோ?

4, புதன்
சாப்பிடும்போது சொன்னேன், பிடுங்கிவிட்டுக் கீரை போடலாம் என்று. அவர் தட்டிலிருந்து தலை நிமிர்த்தினார்.
"எதுக்குப் புடுங்கணும்? நல்லா பூத்துக்கினுதானே கீது."
"எங்க பூத்துச்சு? நானும் தெனம் பாக்கறேன்."
"நீ வெயில் இல்லாதப்ப பாக்கற. பத்து மணிக்குத் தொறக்கும், சாயங்காலம் மூடிக்கும். மேகம் வந்தாகூட மூடிக்கும். வெள்ளை. நடுவுல ஊதா."
"ஜன்னல்லேர்ந்தா பாத்தீங்க?"
"கிட்டப் போய்தான்."
இத்தனை பேச்சு ஒரே மூச்சில் பேசி எத்தனை மாதம். ரசம் ஆறிப்போயிற்று. எழுந்தால் நிறுத்திவிடுவாரோ என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

6, வெள்ளி
வாடின பூக்களைக் கிள்ளியிருக்கிறார். காம்பெல்லாம் கோணல்மாணல், இடது கை வேலை. இன்று கம்பெனியில் லைனில் நின்று வேலை செய்யும்போது கண் கடிகாரத்துக்கே போனது. பத்து. இந்நேரம் திறந்திருக்கும், பக்கத்தில் நிற்பார். போன் பண்ண ஆசை. லைனில் போன் கூடாது.
முதுகு வலி.

8, ஞாயிறு
லீவு. சுள்ளென்று வெயில். தலைக்கு ஊற்றிக்கொண்டு வெளியே வந்தால் அத்தனையும் விரிந்து கிடக்கிறது. ஈரத் தலையோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.
பக்கத்து வீட்டு லட்சுமி கேட் பக்கம் வந்தாள். "அண்ணே, எனக்கும் ரெண்டு செடி குடுங்களேன்."
"இப்ப புடுங்குனா வாடிப்பூடும்மா. அந்தா, அது முத்தட்டும், விதை எடுத்துத் தரேன்."
சொல்லிக்கொண்டே கையை நீட்டிக் காட்டினார். வலது கை. துண்டு தோளில் கிடந்தது. லட்சுமி கையைப் பார்த்தாள், உடனே பூவைப் பார்த்தாள். நல்ல பெண்.
மத்தியானம் திடீரென்று, "நாளைக்கு பொன்னேரி போயிட்டு வரேன். தொட்டி வாங்கணும்" என்றார்.
"யார்கூட?"
"நானேதான். ட்ரெயின்ல."
லீவு போடட்டுமா என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவருடைய நீலச் சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டேன்.