கவுன்சிலர் என்னும் நாயை ஆராயியிடமே ஒப்படைக்கக் கோரி

அனுப்புநர்:
ஜெ. உமாமகேஸ்வரி,
மூன்றாம் தளம், கூட்டுறவுக் குடியிருப்பு,
மயூர் விஹார் ஃபேஸ் ஒன்று, தில்லி.

பெறுநர்:
விலங்கு நல அலுவலர் அவர்கள்,
மாவட்ட விலங்கு நலப் பிரிவு, தில்லி.

பொருள்: காப்பகம் ஒன்றிலிருந்து எங்கள் குடும்பம் தத்தெடுத்து வளர்த்த நாயை, அதை முதலில் வளர்த்த ஆராயி என்பவரிடம் ஒப்படைக்க உத்தரவிடக் கோருவதும், வரும் ஞாயிறு நடக்கும் தத்தெடுப்பு முகாமில் அதை வேறு எவருக்கும் கொடுக்காமல் நிறுத்தக் கோருவதும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்குத் தமிழ் தெரியும் என்று தங்கள் அலுவலக வாசலில் நிற்கும் காவலர் சொன்னார். ஆகவே முறைப்படி இந்தி நகலை இணைத்துவிட்டு, சொல்ல வேண்டியதைத் தமிழில் எழுதுகிறேன். நானும் ஓர் அரசு அலுவலகத்தில் பிறருடைய மனுக்களைப் படித்துக் குறிப்பு எழுதும் வேலையில் இருப்பவள்தான். நீளமான மனுவைக் கண்டால் எனக்கே எரிச்சல் வரும். இது சற்று நீளம். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. சென்ற ஆண்டு ஆகஸ்டில் நானும் என் கணவர் ஜெயபாலும் ஏழாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள் அபூர்வாவும் ஒரு விலங்குகள் காப்பகத்திலிருந்து இந்த நாயைத் தத்தெடுத்தோம். பழுப்பு நிறம், இடது காது நுனியில் கிழிசல், நாலு வயதிருக்கும் என்றார்கள். காப்பகத்தின் பெயரை இணைப்பில் மட்டும் தந்திருக்கிறேன். தெருவில் அடிபட்டுக் கிடக்கும் உயிர்களை எடுத்துச் சோறு போடுகிறவர்களை மனுவின் நடுவில் நிறுத்தி அவமதிக்க எனக்கு மனமில்லை.

2. தத்துக் கொடுக்கும்போது காப்பகத்தார் எங்களிடம் இரண்டு விஷயங்களைச் சொன்னார்கள். ஒன்று, ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய் ஓரம் விளக்குக் கம்பத்தில் கட்டிப்போட்டுவிட்டு யாரோ கைவிட்டுப் போய்விட்டார்கள், அங்கிருந்து மீட்டு வந்தோம் என்றார்கள். இரண்டு, அதற்குக் காது கேளாது. யார் எப்படிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்றார்கள். காது கேளாத நாய் என்றதும் என் மகள் அந்தக் கூண்டை விட்டு நகரவில்லை. ஆஸ்கர் என்று அவர்கள் வைத்திருந்த பெயரோடு வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

3. அதற்கு முன் எங்கள் வீட்டைச் சோதிக்க காப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். பால்கனிக்கு வலை போட்டிருக்கிறதா என்று பார்த்தார். போட்டிருந்தது. மூவரும் காலையில் கிளம்பினால் நாய் மாலை வரை தனியாக இருக்குமே என்று நானே கேட்டேன். பால்கனி இருப்பதால் பரவாயில்லை என்றார். எங்களிடம் இருந்தவரை அந்த நாய் பால்கனிக்குள் கால் வைத்ததில்லை. மூன்று மாடி உயரத்தைக் கண்டு அதற்குப் பயம்.

4. வந்த சில நாளில் நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். நாய் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. கையில் சூடான கல்லோடு, கேட்காது என்று தெரிந்தும், "நவுந்து படேன்டா அந்தாண்ட" என்று எரிந்து விழுந்தேன். நாய் எழுந்து, நகர்ந்து, அந்தப் பக்கம் படுத்தது. கல்லைக் கீழே போடாமல் இருந்தது என் நல்ல காலம். "வா" என்றேன், வந்தது. "குந்து" என்றேன், உட்கார்ந்தது. நான் விருத்தாசலத்துக்காரி. என் கணவர் நாகர்கோவில். அவருடைய "இரிடே" அதற்குப் பிடிபட ஒரு வாரம் ஆனது. ஆக, அதற்குக் காதில் எந்தக் குறையும் இல்லை. காப்பகத்தில் அதனிடம் பேசிய யாருக்கும் தமிழ் தெரியாது, அவ்வளவே.

5. இதன் விளைவாக எங்கள் வீட்டில் நடந்த ஒன்றையும் தாங்கள் அறிய வேண்டும். அபூர்வா தில்லியிலேயே பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்வாள். கெஞ்சியும் பார்த்தாயிற்று, மிரட்டியும் பார்த்தாயிற்று. நாய் இந்திக்குத் திரும்பாததால் அவள் தமிழுக்கு வந்தாள். மாலையில் நான் மெட்ரோவிலிருந்து இறங்கி வரும்போது படிக்கட்டிலேயே அவள் குரல் கேட்கும். பள்ளியில் யார் யாரோடு சண்டை, எந்த டீச்சர் என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் அதனிடம் ஒப்பித்துக்கொண்டிருப்பாள். தப்பும் தவறுமான தமிழ். நாய் திருத்தாது, நான் திருத்துவேன். என்னிடம் அவள் பேசாததற்குக் காரணம் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த நாய் எங்களுக்கு எவ்வளவு வேண்டியது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு தாங்கள் என் கோரிக்கையைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

6. தமிழ் தெரிந்த நாய் தில்லியில் வானத்திலிருந்து குதிக்காது. பாராபுல்லா ஓரம் என்றால், சென்ற ஆண்டு இடிக்கப்பட்ட, தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப்தான் என் நினைவுக்கு வந்தது. அக்டோபரில் ஒரு ஞாயிறு, மூவரும் நாயோடு ஆட்டோ பிடித்து அந்தப் பக்கம் போனோம். ஜங்புராவை ஒட்டிய போகல் கடைத்தெருவில் காய்கறிப் பையோடு வந்த ஒரு பெண்மணி எங்களைப் பார்த்து நின்றார். "டேய் கவுன்சிலரு!" என்று ஒரு சத்தம் போட்டார். நாய் இழுத்த இழுப்பில் அபூர்வா விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். நாய் அந்தப் பெண்மணியின் மேல் ஏறிக்கொண்டது. தக்காளியெல்லாம் ரோட்டில் உருண்டது.

7. அவர்தான் ஆராயி. ஜங்புராவில் வீட்டு வேலை செய்கிறார். கணவர் மூக்கன் ஒரு கட்டடத்தில் இரவுக் காவல் பார்க்கிறார். அவர் எங்களைத் திட்டியதை அவர் வார்த்தையிலேயே பதிவு செய்கிறேன்: "எங்கம்மா தூக்கினு போனீங்க எங்க புள்ளய? எத்தினி மாசமா தேடினு கெடக்கறோம் தெரியுமா?" என் கணவர் கைப்பேசியில் தத்தெடுப்பு ஒப்பந்தத்தைக் காட்டினார். ஆராயி அதைப் பார்க்கக்கூட இல்லை. "பேப்பரா? எங்க வூட்டுக்குங்கூடத்தான் பேப்பரு வச்சினு இருந்தோம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. முறைப்படி எடுத்த நாய்க்கு நடுத்தெருவில் திருடிப் பட்டம் வாங்குவது யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனாலும் கைப்பேசியை உள்ளே வைக்கும்படி கணவரிடம் சொன்னேன்.

8. கம்பத்தில் கட்டிய கயிற்றைப் பற்றிக் கேட்டேன். "நாந்தான் கட்டனேன். ஜேசிபி வருதுன்னு எல்லாரும் சாமானத் தூக்கினு ஓடறாங்க. இவன் கால் சந்துலயே பூந்து பூந்து வரான். நசுங்கிடப் போறான்னு தூரமா கொண்டாந்து கட்டிப்புட்டு, பீரோவத் தூக்கப் போனேன். வந்து பாத்தா அங்க ஒண்ணுமே இல்ல. காடி வந்து ஏத்தினு பூட்டானுங்கன்னு சொல்றாங்க." காப்பகத்தாரின் பதிவிலும் மீட்ட நாள் அதே நாள்தான். கொடுமை என்று அவர்கள் எண்ணிய அந்தக் கயிறு, வீடு இடிபட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பெண் தன் நாய்க்குச் செய்ய முடிந்த ஒரே பாதுகாப்பு. வண்டியில் வந்தவர்களையும் நான் குற்றம் சொல்லவில்லை. இடிபாட்டுக்கு நடுவில் கட்டிக் கிடக்கும் நாயைப் பார்த்தால் நானும் அவிழ்த்துத்தான் இருப்பேன். கட்டியவர் எங்கே என்று ஒரு நிமிடம் நின்று கேட்டிருப்பேனா என்பதுதான் தெரியவில்லை.

9. கவுன்சிலர் என்ற பெயர் பற்றி ஒரு விளக்கம். காலையில் எல்லா வீட்டு வாசலிலும் ஒருமுறை போய் நிற்பான், ஒரு வேலையும் செய்யமாட்டான் என்பதால் வந்த பெயராம். எந்த மக்கள் பிரதிநிதியையும் குறிப்பிடவில்லை என்று ஆராயி உறுதி கூறுகிறார். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை.

10. அன்று நாயை நாங்களே திருப்பி அழைத்து வந்தோம். அதன்பின் ஆராயியும் மூக்கனும் ஞாயிறுதோறும் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். "நல்லாத்தான் வச்சினு கீறீங்க. கொஞ்சம் ஊதிப்புட்டான்" என்று ஆராயி சொன்னார். முதல் நாள் சண்டை பிடித்தவர் பிறகு நாயைக் கொடு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாயும் எங்களை நினைத்து அவர்கள் வீட்டிலோ அவர்களை நினைத்து எங்கள் வீட்டிலோ பட்டினி கிடக்கும் ரகம் அல்ல. உண்மையைச் சொன்னால், அதற்கு இரண்டு வீட்டாரையும் பிடித்திருந்தது. இப்படியே இருந்துவிடலாம் என்று எங்களுக்கும் ஆசை இருந்தது.

11. ஒரு ஞாயிறு அவர்கள் போன பிறகு அபூர்வா என்னிடம் கேட்டாள்: "மம்மி, அந்த ஆன்ட்டி அவனை சோட்கே... விட்டுட்டுப் போகலையே. கட்டிட்டுதான போனாங்க? வாபஸ் வர்றதுக்குதான கட்டுவாங்க?" நானும் என் கணவரும் அன்று வெகு நேரம் பேசினோம். கைவிடப்பட்ட நாயைத்தான் நாங்கள் தத்தெடுத்தோம் என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தோம். இந்த நாயை யாரும் கைவிடவில்லை என்று தெரிந்த பிறகு அதை வைத்துக்கொள்வதற்கு எங்களுக்குத் திருட்டு என்பதைத் தவிர வேறு பெயர் கிடைக்கவில்லை.

12. ஒப்பந்தப்படி காப்பகத்தின் அனுமதி இல்லாமல் நாயை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. விதி என்று ஒன்று இருந்தால் அதன்படி நடப்பது எங்கள் குடும்பத்துப் பழக்கம். ஆகவே நடந்ததையெல்லாம் விவரித்து, நாயை ஆராயிக்குக் கொடுக்க அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினோம். எங்களைச் சோதித்த அதே பெண் போகலில் ஆராயி வாடகைக்கு இருக்கும் அறையைப் போய்ப் பார்த்தார். ஒரே அறை, தனி இடம் இல்லை, வாடகை வீடு நிரந்தரம் இல்லை, ஆகவே தகுதி இல்லை என்று எழுதினார். எங்களுடைய கடிதத்தை, நாங்கள் நாயைத் துறந்ததாக வைத்துக்கொண்டு, சென்ற வாரம் வண்டியோடு வந்து அதை ஏற்றிப் போனார்கள். ஞாயிறு முகாமில் வேறொரு தகுந்த குடும்பத்துக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்கிறார்கள்.

13. தகுதி பற்றித் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். ஆராயி மதியத்தில் வேலை முடிந்து வந்துவிடுகிறார். மூக்கன் பகல் முழுவதும் வீட்டில் இருக்கிறார். அந்த அறையில் நாய் தனியாக இருக்கும் நேரம் என்று ஒன்றே கிடையாது. வீட்டுக்காரர் நாய் வைத்துக்கொள்ளச் சம்மதம் தந்திருக்கிறார் (இணைப்பில் காண்க). கேம்ப்பில் அவர்கள் வீடு இதைவிடச் சிறியது. அங்கே நாய் நன்றாகத்தான் வளர்ந்தது. ஆளுக்கு ஓர் அறை இருந்தால்தான் அன்புக்குத் தகுதி என்றால் இந்த ஊரில் பாதிப் பேர் பிள்ளைகளையே வளர்க்க முடியாது.

14. ஆகவே தாங்கள் கருணைகூர்ந்து, (அ) ஞாயிறு முகாமில் மேற்படி நாயை எவருக்கும் கொடுக்கக் கூடாது என்று உடனே தடை விதிக்கவும், (ஆ) ஆராயியையும் மூக்கனையும் நேரில் அழைத்து, நாயையும் அவர்கள் முன் நிறுத்தி விசாரிக்கவும், (இ) விசாரணைக்குப் பின் நாயை அவர்களிடமே ஒப்படைக்கவும் ஆவன செய்ய வேண்டுகிறேன். விசாரணை நாளில் அது யாரிடம் போகிறது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அது எங்களிடமும் ஓடி வரும்.

15. கடைசியாக ஒன்று. நேற்று காப்பகத்தின் மேலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நல்ல மனிதர், என் மகள் அழுததைக் கேள்விப்பட்டு இரங்கித்தான் பேசினார். ஆராயியைப் பற்றிய கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், நாளைக் காலையே நாய் எங்கள் வீட்டில் இருக்கும் என்றார். போனை வைத்துவிட்டு அபூர்வாவிடம் அப்படியே சொன்னேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகு நேரம் கழித்து வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "எழுதாதே மம்மி" என்றாள்.

அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. அதற்குப் பதில்தான் இவ்வளவு வரிகள். தாங்கள் இந்த மனுவை ஏற்றுக்கொண்டால் எங்கள் வீட்டில் நாய் இருக்காது. அதைத் தெரிந்தேதான் கேட்கிறோம்.

இடம்: தில்லி
நாள்: 06.02.2026

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
ஜெ. உமாமகேஸ்வரி