திங்கட்கிழமைக் கச்சேரியில் நான் இறந்துபோனது

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறேன். மாடிப்படி ஏறும்போது மட்டும் முட்டி படுத்துகிறது. நீயும் தொண்டை கட்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கூப்பிட்டபோது நான் குளிப்பதாகச் சித்தி சொன்னது பொய். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உன் குரலைக் கேட்டால் ஒன்று கத்தியிருப்பேன், இல்லையென்றால் குழைந்திருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வாரம் நானும் சித்தியும் உன் ஊருக்கு வந்திருந்தோம். சொல்லாமல் வந்து உன்னைத் திகைக்க வைக்கலாம் என்பது அவள் யோசனை. நாடகத்துக்கு விடுமுறையான திங்கட்கிழமையில் நீ சொந்தப் பாட்டுகளைப் பாடுவாயே, அந்தச் சின்ன அரங்கத்துக்கும், மறுநாள் நாடகத்துக்கும் டிக்கெட் வாங்கி வைத்திருந்தாள். எனக்குப் புதுச் செருப்பு வேறு.

நீ கிட்டாரோடு தனியாக வந்து உட்கார்ந்ததும் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சலவைக் கடை ரசீதின் பின்பக்கத்திலெல்லாம் பாட்டெழுதி முதலாளியிடம் எனக்குத் திட்டு வாங்கிக் கொடுத்தவள் நீ. அப்புறம் வருடக்கணக்கில் இசை நாடகங்களின் கடைசி வரிசையில், கையில் தட்டோடு, கூட்டத்தோடு கூட்டமாக வாயசைத்தவள். அந்தப் பெண்ணுக்கா இத்தனை பேர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பிறகு நீ கிட்டாரின் கம்பியை முறுக்கிக்கொண்டே, “இது எங்கம்மா செத்துப்போன வாரத்துல எழுதினது” என்றாய்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்தி என் முழங்கையைப் பிடித்தாள், நான் இருக்கிறேனா என்று பார்த்துக்கொள்ளவோ என்னவோ. முந்தின நாள்தான் போனில், முட்டிக்குத் தைலம் தடவினாயா என்று கேட்டாய். மறுநாளே கொன்றுவிட்டாய். எனக்கு முன்னால் இருந்தவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், எனக்காக.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பாட்டு நல்ல பாட்டு. இஸ்திரிப் பெட்டி சுட்ட என் மணிக்கட்டு அதில் இருக்கிறது. காலர் அழுக்கைப் பார்த்தே நான் ஆளை எடைபோடுவது இருக்கிறது. உன்னோடு சண்டை போட்ட நாளில்தான் உன் பள்ளிச் சீருடையை மடிப்பு கலையாமல் தேய்த்து வைப்பேன் என்பதுகூட இருக்கிறது. வீட்டில் இருந்தவரை நீ தலை நிமிர்ந்து என்னைப் பார்த்ததாகவே ஞாபகமில்லை. இத்தனை ஆசை மனதில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லியிருக்கலாமே. நான் செத்தால்தான் உனக்கு வாய் வருமா?

பக்கத்தில் ஒரு நர்ஸ், உன் வயதுதான் இருக்கும், எனக்குக் காகிதக் கைக்குட்டை நீட்டினாள். வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் சாவுக்கு நானே அழுதது அன்றைக்குத்தான். நீ எங்கே பாடினாலும் போய்விடுவாளாம். இடைவேளையில் அவளே சொன்னாள்: “முதல்ல இந்தப் பாட்ட அவங்க ஒண்ணும் சொல்லாமத்தான் பாடிட்டு இருந்தாங்க. ஒருநாள் நான் அவங்ககிட்டப் போய், எங்கம்மாவும் இப்படித்தான் போயிட்டாங்கன்னு அழுதேன். கையப் பிடிச்சிக்கிட்டு தலைய ஆட்டினாங்க. அதுக்கப்புறம்தான் மேடையிலயே சொல்ல ஆரம்பிச்சாங்க.” உங்களுக்கு அம்மா இருக்காங்களா என்று என்னைக் கேட்டாள். எனக்கு மகள் இருக்கிறாள் என்று சொல்லி வைத்தேன்.

ஆக, அழுகிற பெண்ணிடம் என் அம்மா சாகவில்லை என்று சொல்ல உனக்கு மனம் வரவில்லை. அது எனக்குப் புரிகிறது. அதற்கப்புறம் வாராவாரம் சொன்னாயே, அதுதான் எனக்குப் புரியவேயில்லை. மேடைக்குப் பின்னால் வந்து உன்னைப் பார்க்கலாம் என்று சித்தி இழுத்தாள். நான் வரமாட்டேன் என்றேன். செத்தவள் எந்த முகத்தோடு வந்து நிற்பது?

ஊர் திரும்பிய மறுநாள், கடையில் வழக்கறிஞரின் வெள்ளைச் சட்டை மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். கருகிய வாசனை வந்த பிறகுதான் சுயநினைவு வந்தது. முதலாளி திட்டவில்லை. திட்டும் நிலையில் அவர் இல்லை, உன் படத்தைக் கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தார். உங்கள் நாடகம் அடுத்த மாதம் நம் ஊருக்கு வருகிறதாம். திங்கட்கிழமை நகர மண்டபத்தில் நீ தனியாகப் பாடுகிறாயாம். துணி போட வருகிற அத்தனை பேரும் டிக்கெட் வாங்கிவிட்டார்கள். அம்மாவுக்குத்தான் முதல் வரிசை என்று முதலாளி எனக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார். நீ அந்த வார்த்தையைச் சொன்னால் மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்க்கும். சொல்லாவிட்டால் அந்த நர்ஸ் மாதிரி உன் பின்னால் வருகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள்.

செவ்வாய்க்கிழமை நாடகத்தையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அதில் உன் அம்மாவாக வருகிறவள் முதல் பாதியிலேயே செத்துப்போகிறாள். நீ அவள் மேல் விழுந்து பாடினாய். அரங்கமே தேம்பியது. கடைசியில் எல்லோரும் வரிசையாக வந்து வணங்கியபோது அவளும் உன் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். எங்களை ஏன் அழ வைத்தாய் என்று யாரும் சண்டைக்கு வரவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. அது உன் பாட்டு. நம் ஊரில் அதைப் பாடி முடித்ததும் என்னைக் கூப்பிடு. நான் வந்து உன் பக்கத்தில் நிற்கிறேன். கோபப்படுகிறவர்கள் படட்டும். அந்த நர்ஸ் வந்திருந்தால் அவளிடம் நாம் இரண்டு பேரும் சேர்ந்தே மன்னிப்புக் கேட்கலாம்.

அதற்கு உனக்குத் தைரியம் இல்லையென்றால் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடு. அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லி நான் சித்தி வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறேன். உன்னைப் பொய்க்காரி என்று இந்த ஊரில் ஒருத்தர் சொல்லி, அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

நீ நீண்ட காலம் இருந்து பாட வேண்டும், மகளே. என்னையும் கொஞ்ச நாள் இருக்க விடு.

இப்படிக்கு,
உன் அம்மா