வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி

நவம்பர் 8, வெள்ளி
விடியலிலிருந்தே மழை. அறை முழுக்கக் காயாத துணி. மகள் மதுவோடு கிளினிக். அவளின் மூச்சுத் தொய்வு மாறவில்லை, வாயில் அடிக்கிற அதே பழைய பம்ப்தான். டொக்டர் நல்ல பிள்ளை, அவசரம் மட்டும் கூட. "அறையைக் காற்றோட்டமா வையுங்கோ அம்மா." வாய்க்கால் பக்க யன்னலைத் திறந்தால் எரிகிற குப்பை. நடைபாதைப் பக்கம் திறந்தால் அயல் வீட்டு அடுப்பெல்லாம். எந்தப் பக்கத்துக் காற்று என்று அவர் சொல்லவில்லை.

"வீட்டிலை புகை ஏதும்?" இல்லை என்றேன். பொய்.

மாலையில் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா, வழக்கம்போல் சாம்பிராணித் தட்டோடு. வெள்ளி தவறுவதில்லை. மதுவின் தலையைச் சுற்றி மூன்று தரம். "பிள்ளைக்கு நாவூறு, ஆற்றையோ கண் பட்டிருக்கு. இது கழிஞ்சாச் சரியாப் போகும்." கொஞ்ச நேரத்தில் இழுப்பு. பம்புக்கு அடங்கவில்லை. கொழும்பு மட்டக்குளியின் இந்த ஒடுங்கின ஒழுங்கைக்குள் அம்புலன்ஸ் நுழையாது. அக்காவின் கணவர் துரை அண்ணன்தான் தன் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எப்போதும் அவர்தான்.

9, சனி
மது வீட்டில். நெஞ்சுச் சத்தம் குறைவு. அக்கா கஞ்சி கொண்டுவந்தார். "பாத்தியே, எவ்வளவு நாவூறு எண்டு." சாம்பிராணிப் புகையால் வந்தது என்று சொன்னால் கோபிப்பார். கோபித்தால் ஓட்டோ? அதை விடுவோம். இந்த மாடியில் என்னோடு இருந்து கதைக்கிற ஒரே ஆள் அவர்.
வாங்க: பாண், சவர்க்காரம், மதுவுக்குப் பென்சில்.

11, திங்கள்
கட்டாரிலிருந்து என் அவர் போனில். "அக்காவிட்டைப் பக்குவமாச் சொல்லுமன்." பக்குவம்! அங்கே இருந்துகொண்டு சொல்வது சுகம்.

12, செவ்வாய்
சொல்லிவிட்டேன். கொடியில் துணி போடும்போது.
"அக்கா, சாம்பிராணிப் புகை பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுதில்லை. கோவிக்காதேங்கோ."
"அப்ப நான்தான் பிள்ளைக்கு வருத்தம் குடுக்கிறன்."
"அப்பிடிச் சொல்லேல்லை அக்கா."
"ஓம், ஓம். விளங்குது."
போய்க் கதவைச் சாத்தினார். பகலில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை.

14, வியாழன்
கஞ்சி இல்லை. மீன்காரன் வந்தான். "மீன் நல்லமோ அக்கா?" என்று கேட்டேன். பதிலை மீன்காரனுக்குச் சொன்னார்.
தனியாக இருக்கிறது. எழுதவே வெட்கம்.

15, வெள்ளி
சாம்பிராணி வாசம் இல்லை. தன் வீட்டிலும் அக்கா போடவில்லை. மதுவுக்கு இழுப்பும் இல்லை. படுக்கமுன் கேட்டாள்: "பெரியம்மா ஏன் வரேல்லை? எனக்குச் சுகமாயிட்டுதோ?"
ஓம் என்றேன்.

17, ஞாயிறு
காலையில் மழை விட்டதுதான் தாமதம், வாய்க்கால் கரைக் குப்பைக்கு யாரோ தீ. ஈரக் குப்பை, ஒரே புகை. யன்னல்களைச் சாத்தியும் மதுவுக்கு இழுப்பு. உதடு நீலம். போய் அந்தக் கதவைத் தட்டினேன். துரை அண்ணன் ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்தார். கூப்பிடாமலே அக்காவும் ஏறினார். மது அவர் மடியில். முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். என்னைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தாதி: "வீட்டிலை ஊதுபத்தி, சாம்பிராணி கொழுத்துறதோ?"

நான் பதில் சொல்லமுன் அக்கா: "இல்லை மிஸ். எங்கட வீட்டிலை ஒண்டும் கொழுத்துறேல்லை."

இப்போது பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் மதுவைக் கிடத்திப் போர்த்திவிட்டார். போய்த் தன் கதவைச் சாத்திக்கொண்டார்.