வெள்ளைச் சேலையும் எதிரணியின் கோலும்

ஞாயிறு, இரவு.

லண்டனில் நான் பக்கம் தெரியாமல் கைதட்டவில்லை. தெரிந்துதான் தட்டினேன்.

இன்று ஊர்க் கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது பிலோமினா மறித்தாள். "என்ன ரீச்சர், மற்றப் பக்கத்துக்குக் கைதட்டினீங்களாம்? உங்கடை மகன் ஃபோனிலை சொல்லிச் சிரிச்சவர்." நின்றவர்களும் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த உதைபந்தாட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போனது மகன் அருள்தான். அவனுடைய அணிக்குச் சிவப்பு, எதிரணிக்கு வெள்ளை. அருளின் அப்பா இறந்ததிலிருந்து நான் உடுப்பதும் வெள்ளைதான்.

"அம்மா, என்ரை சிவப்பு ஜாக்கெற்றைப் போடுங்கோவன்."

"உன்ரை அப்பாவுக்காக உடுத்ததை ஒரு பந்துக்காக மூடேலாது."

பின்வரிசையில் இருந்த வெள்ளைக்காரர், இந்த அம்மா எதிரணியின் ஆளா என்று கேட்டார். ஊரிலிருந்து வந்தவ, ஒன்றும் விளங்காது என்று அருள் ஆங்கிலத்தில் சொன்னான்.

கன்னியாஸ்திரிகளிடம் ஆங்கிலம் படித்தவள் நான். குருநகர் அணிக்குக் கோல் காத்தவரோடு வாழ்ந்தவள். ஓஃப்சைட் எதுவென்று அருளுக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆகவே வெள்ளை அணி கோல் போட்டதும் எழுந்து நின்று கைதட்டினேன். அவன் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து இருத்தினான்.

ஊர் சிரித்துவிட்டுப் போகட்டும். அவன் அந்த மனிதரைச் சமாளிக்க அப்படிச் சொன்னானா, அல்லது அவனுடைய மனதிலேயே அதுதானா என்று தெரியாமல் நித்திரை வரவில்லை.

அருள், அம்மாவுக்கு ஒன்றும் விளங்காது என்றுதான் நினைக்கிறாயா? ஃபோனில் கேட்டால் சிரித்து மழுப்புவாய். இந்தப் பக்கத்தை உனக்கே அனுப்புகிறேன்; பதிலை எழுதி அனுப்பு.