இடது பக்கத் திரையில் புகை

மார்ச் 3, செவ்வாய்

இன்று மச்சானின் அலுவலகப் பூந்தொட்டியில் வாந்தி எடுத்தேன். நல்லவேளை, பிளாஸ்டிக் செடி. செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் இனி அந்த வரவேற்பறையைக் கடக்க முகம் இல்லை.

குற்றவாளி ஒரு காகிள்ஸ்: கண்ணுக்கு ஒன்றாக இரண்டு குட்டித் திரை வைத்த, முகத்தோடு ஒட்டி மாட்டும் கண்ணாடி. மச்சான் என் மனைவியின் அண்ணன். நான் கேமராமேனாகக் குப்பை கொட்டும் ஸ்டுடியோவின் முதலாளியும் அவரே. புதிதாக எஃப்.பி.வி. ட்ரோன் ஒன்று வாங்கியிருக்கிறார். இரண்டு உள்ளங்கை அகலம், நான்கு இறக்கை, மூக்கில் ஒரு கேமரா. அது எதைப் பார்க்கிறதோ, காகிள்ஸ் மாட்டியவனுக்கும் அதுதான் தெரியும். உடம்பு நாற்காலியில் இருக்கும், உயிர் மட்டும் ஜன்னல் வழியே கிளம்பிவிடும். என் உயிர் அறையை இரண்டு சுற்று சுற்றியது. உடம்பு பூந்தொட்டியைத் தேடியது.

எங்கள் கணக்கு அம்மாள்தான் இந்தக் கட்டடத்தின் வானொலி நிலையம். மதியத்துக்குள் எல்லா மாடிக்கும் ஒலிபரப்பிவிட்டாள்: "சார் மாசமா இருக்காரோ என்னமோ!"

மச்சான் மட்டும் சிரிக்கவில்லை.

"மாப்ள, மாசக் கடைசில மெத்தை ஃபேக்டரி ஷூட். கேட்ல ஆரம்பிச்சு ஓனர் ரூம் வரைக்கும், வெட்டாம ஒரே ஓட்டமா வேணுமாம். நீ ஓட்டுனா நீ. இல்லன்னா வெளிய இருந்து ஒருத்தரு வருவாரு. அவரு வந்தா கேமராவையும் அவரே பாத்துக்குவாரு."

"அப்ப நான்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்," என்றார்.

ஐம்பத்திரண்டு வயது. தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று. மச்சானே யோசிக்கிறார் என்றால் அந்நியன் எவன் யோசிப்பான்?

மார்ச் 4, புதன்

என் மேசையில் யாரோ ஒரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரென்று தெரியும், வானொலி நிலையம்தான். ரோஷப்பட்டுத் தூக்கி எறிய நினைத்தேன்; முகர்ந்து பார்த்தேன்; சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 6, வெள்ளி

எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் நல்லது கெட்டது எழுதிப் பார்ப்பேன். கல்யாணத்துக்கு மட்டும் எழுத மறந்துவிட்டேன்.

நல்லது நிறையவே இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஸ்டுடியோவின் பழைய ட்ரோன், மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரி. இது, வீட்டுக்குள்ளேயே நுழைந்து கட்டிலுக்கு அடியிலும் பார்க்கும் நாத்தனார். நாற்காலிக் கால்களுக்கு இடையில் போகும், சாவித் துவாரம் கொஞ்சம் பெரிதாக இருந்தால் அதிலும் போகும். ஒரு முறை, ஒரே ஒரு முறை, கதவிடுக்கில் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து வெளிச்சத்தில் மிதந்தபோது, வாயைத் திறந்து சிரித்துவிட்டேன்.

கெட்டது? பழையது கையை எடுத்தால் அந்தரத்தில் சமர்த்தாக நிற்கும். இது கையை எடுத்தால் விழும், எடுக்காவிட்டால் மோதும். ஒரு காப்பி சூடு ஆறுவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். காகிள்ஸை மாட்டிவிட்டால் பக்கத்தில் நாய் நிற்கிறதா பேய் நிற்கிறதா தெரியாது. அதனால் கண் திறந்த ஒருவர் கூடவே காவல் நிற்க வேண்டும். எனக்கு வாய்த்த காவல் என் மனைவி. இந்த நோட்டில் அவளுக்கு 'உள்துறை' என்று பெயர். அவளுக்குத் தெரியாமல் எங்கள் வீட்டில் பால்கூடப் பொங்காது.

சாயங்காலம் மொட்டை மாடியில் பழகும்போது, தொப்பையும் கழுத்தில்லாத தோளுமாக ஒருத்தன் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். எவன்டா இவன் வழியில் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ரிமோட்டைச் சாய்த்தால், அவனும் ரிமோட்டைச் சாய்க்கிறான்.

இன்னொரு கெட்டதும் உண்டு. இடது பக்கத் திரையில், மேல் பாதியில், புகை மாதிரி ஒரு மங்கல். புதுச் சரக்கிலேயே கோளாறு. அதான் தலை சுற்றுகிறது. அதான் முட்டுகிறேன். விடுவேனா!

மார்ச் 9, திங்கள்

ட்ரோன் கடைத் தாடிக்காரரோடு சண்டை. அவர் காகிள்ஸை மாட்டிப் பார்த்தார், கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"சார், பளிங்கு மாதிரி இருக்கு."

"உங்க தாடிய விலக்கிட்டுப் பாருங்க."

"தாடி வாய்க்குக் கீழ இருக்கு சார். கண்ணு மேல இருக்கு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் குரலை உயர்த்தினேன். நுகர்வோர் உரிமை என்றெல்லாம் பேசினேன், அதில் பாதி எனக்கே புரியவில்லை. கடைசியில் தொல்லை விட்டால் போதும் என்று வேறு ஒன்று கொடுத்தார். வெற்றி!

மார்ச் 11, புதன்

இதிலும் புகை. அதே இடது, அதே மேல் பாதி.

"அந்தத் தாடி பழைய பீஸையே டப்பா மாத்திக் குடுத்துட்டான்," என்று கத்தினேன். உள்துறை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், வாங்கி மாட்டினாள், இப்படியும் அப்படியும் திரும்பினாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதாங்க இருக்கு."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்குறேன்." கழற்றி வைத்துவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையை என் வலது கண்மேல் வைத்து மூடினாள். ஈரக் கை, சோப்பு வாசனை.

"இப்ப சொல்லுங்க. எதிர்ச் சுவத்துல என்ன இருக்கு?"

"சுவரு."

"அப்புறம்?"

அப்புறம் ஒன்றும் இல்லை. வெளுத்த புகை, கீழே நாற்காலியின் முதுகு.

அவள் கையை எடுத்தாள். சுவரில் கடிகாரம் இருந்தது. நான் ஆணி அடித்து நானே மாட்டிய கடிகாரம்.

மார்ச் 12, வியாழன்

கண் டாக்டரிடம் போகவில்லை. மெத்தை ஃபேக்டரிக்குப் போய் வழி பார்த்துவிட்டு வந்தேன். நிறைய மெத்தை இருக்கிறது. நல்ல ஃபேக்டரி.

மார்ச் 14, சனி

உள்துறை கையோடு இழுத்துப் போய்விட்டாள்.

டாக்டரம்மா கண்ணுக்குள் சொட்டு விட்டு, விளக்கடித்து, மறுபடியும் விளக்கடித்தார். இரண்டாம் தடவை விளக்கடிக்கும் டாக்டர் மாதிரி ஒரு பயம் உலகத்தில் கிடையாது.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஜாஸ்தி. இடது கண்ணு நரம்பு நிறையப் போயிருச்சு. போனது போனதுதான், திரும்ப வராது. மிச்சத்தைக் காப்பாத்த மருந்து இருக்கு. இத்தனை வருஷமா உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?"

எப்படித் தெரியும்? கேமராமேன் வலது கண்ணை வியூஃபைண்டரில் வைப்பான், இடது கண்ணை இறுக்க மூடிக்கொள்வான். என் வாழ்நாளில் பாதி அந்தக் கண்ணைச் சாத்தியே வைத்திருந்தேன். உள்ளே இருந்தவர் எப்போது வீட்டைக் காலி செய்துகொண்டு போனார் என்று யாருக்குத் தெரியும்? இரண்டு கண்ணையும் ஒன்றாகத் திற என்று எனக்கு உத்தரவு போட்ட முதல் சாமான் அந்தப் பாழாய்ப்போன காகிள்ஸ்தான்.

"வலது கண்ணு?" என்று கேட்டது உள்துறை. நான் கேட்டிருக்க மாட்டேன்.

"அதுலயும் அழுத்தம் இருக்கு. ஓரப் பார்வை எவ்வளவு பாக்கின்னு மெஷின்ல பாத்தாத்தான் சொல்ல முடியும். மெஷின் ரிப்பேர்ல இருக்கு, முப்பதாம் தேதி வாங்க. அதுவும் சுருங்க ஆரம்பிச்சிருந்தா மருந்து மட்டும் போதாது, ஆபரேஷன் பண்ணணும். வண்டி ஓட்டுறது, இந்த மாதிரி வேலை, எல்லாத்தையும் நிறுத்தணும்."

இந்த மாதிரி வேலை. வேறு மாதிரி வேலை எனக்குத் தெரிந்தால்தானே?

மார்ச் 15, ஞாயிறு

என்ன பண்ணப் போறேன்?

காலையில் ஷேவ் செய்யும்போது வலது கண்ணை மூடினேன். பாதி முகம்தான் இருந்தது. சிரிச்சேன் — பாதிதான் சிரிச்சுது. அதை ஒரு ஜோக்கா எழுதலாம்னு நோட்டை எடுத்தேன். வரல. ஒண்ணும் வரல. கேமரா இல்லாட்டி நான் யாரு? மச்சானோட தங்கச்சி புருஷன். அவ்வளவுதானே? அதுவும் ஒரு உத்தியோகமா?

உள்துறை அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறாள். குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காதாம்.

மார்ச் 18, புதன்

தாடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். விஷயத்தைச் சொல்லவில்லை, "ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தேன். ஒரு கண் மட்டும் சரியாக இருக்கிற ஒருவர், எனக்குத் தெரிந்த ஒருவர், இதை ஓட்ட முடியுமா?

தாடிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், இதுல ரெண்டு கண்ணுக்கும் போறது ஒரே படம். மூக்குல ஒரு கேமராதானே இருக்கு? ஆழம், தூரம் எதுவும் தெரியாது. எல்லாம் பழக்கத்துல கணிக்கிறதுதான். காகிள்ஸ் போட்டா நீங்களும் நானும் உங்களுக்குத் தெரிஞ்சவரும் எல்லாரும் ஒத்தக் கண்ணுதான்."

அவர் தாடியில் முத்தமிட்டிருப்பேன். கடையில் கூட்டம்.

நல்லது பக்கத்தில் இதைப் பெரிய எழுத்தில் சேர்த்துக்கொள்கிறேன்: உலகத்திலேயே ஒற்றைக் கண்ணனுக்கும் இரட்டைக் கண்ணனுக்கும் சம நீதி தரும் ஒரே சாமான். இடது பக்கத் திரையின் மேல் ஒரு கறுப்புத் துணியை வெட்டி ஒட்டினேன். புகை போய்விட்டது. தலைசுற்றல்கூடக் குறைந்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 21, சனி

பழக்கம், பழக்கம், பழக்கம். கொடியில் காய்ந்த போர்வைக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து வெளியே வந்தேன். மறுபடி புகுந்தபோது போர்வையோடு வந்தேன்.

உள்துறை காவல் நின்றபடியே, "அண்ணன்கிட்ட சொல்லிரலாம்," என்றாள்.

"சொன்னா நாளைக்கே வெளிய இருந்து ஆளு வந்துரும்."

"அண்ணன் அப்படிப்பட்டவரா?"

"உனக்கு அவரு அண்ணன். எனக்கு முதலாளி."

"கூடப் பொறந்தவர்கிட்ட மறைச்சு வச்சு, நாளைக்கு யார் மேலயாவது மோதித் தொலைச்சீங்கன்னா?"

நான் காகிள்ஸைக் கழற்றவில்லை. கழற்றினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசியில் பேரம் படிந்தது. "முப்பதாந்தேதி வலது கண்ணு நல்லா இருக்குன்னு டாக்டர் அவங்க வாயால சொல்லட்டும், நானும் வாயை மூடிக்கிறேன். இல்லன்னா அங்க இருந்தே நேரா அண்ணன் வீட்டுக்குத்தான் போவேன்." கைகுலுக்கினோம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தொப்பைக்காரனோடு ஒரு பெண்மணி கைகுலுக்குவது கைப்பிடிச் சுவரில் இறக்கி வைத்த கேமராவில் தெளிவாகத் தெரிந்தது. அவள் கண்ணைத் துடைத்ததும் தெரிந்தது.

மார்ச் 27, வெள்ளி

முடிந்தது. அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் கோணட்டும்.

மெத்தை முதலாளி மெத்தை மாதிரியே இருந்தார். மச்சான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். முதல் ஓட்டம் நுரை அடுக்கில் முட்டி நின்றது. இரண்டாவதில் தையல் பிரிவுப் பெண் ஒருத்தி தும்மி, கேமராவை நேராகப் பார்த்து, "மன்னிச்சிருங்கண்ணா," என்றாள். மூன்றாவதில், காலியாக இருந்த வலது பக்கத்தில் திடீரென்று ஒரு தூண். எங்கிருந்து வந்தது? வழி பார்த்த அன்று அங்கே இருந்ததா? நல்லவேளை, கீழே மெத்தை. ட்ரோன் ஒரு குதி குதித்துக் குழந்தை மாதிரிப் படுத்துக்கொண்டது. மோத வேண்டுமென்றால் மெத்தை ஃபேக்டரியில்தான் மோத வேண்டும்.

"மாப்ள, முடியலன்னா சொல்லிரு," என்றார் மச்சான், மெதுவாக. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நான்காவது. கேட், வராந்தா, தையல் மெஷின் வரிசைமேல் ஒரு வழுக்கு, நுரை வெட்டும் கத்திக்கு அடியில், மெத்தையைச் சுருட்டும் வளையத்துக்கு நடுவில், அப்படியே படியேறி, கதவு, மேசை, முதலாளியின் சிரிப்பு. நிறுத்தினேன். பிறகு தையல் பிரிவு மொத்தமும் கை தட்டியது.

மச்சான் என் தோளில் கை வைத்து அழுத்தினார். "இனிமே எல்லா ஃபேக்டரியும் நீதான் மாப்ள. வெளியாள் எதுக்கு நமக்கு?" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் 'நமக்கு' என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

மார்ச் 30, திங்கள்

மெஷினைச் சரி செய்துவிட்டார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, இடது கண்ணை மூடி, நடுப்புள்ளியை விட்டுப் பார்வையை நகர்த்தாமல் இருக்க வேண்டும். ஓரத்தில் எங்காவது சின்ன வெளிச்சம் மின்னினால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே பெஞ்சில் உள்துறை, மடியில் கைப்பை, பைமேல் இரண்டு கை.

டாக்டரம்மா வெளியே பெஞ்சுக்கே வந்து தாளைப் பார்த்தார். "அங்கங்க மின்னாததுக்கும் அமுக்கியிருக்கீங்க, ஆர்வம் கொஞ்சம் ஜாஸ்தி," என்று சிரித்தார். "ஆனா வலது கண்ணு நல்லா இருக்கு. ஆபரேஷன் எல்லாம் இப்ப வேண்டாம். சொட்டு மருந்தை மட்டும் விடாம போடுங்க, ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம்."

உள்துறை எழுந்து வந்து, அத்தனை பேர் பார்க்க, என் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. வழியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். நான் சொன்ன ஒவ்வொரு ஜோக்குக்கும் சிரித்தாள், பழைய ஜோக்குக்கும்.

அந்த மெஷின் வெளிச்சத்தைக் காட்டுவதற்கு முன்னால் 'டிக்' என்று லேசாக ஒரு சத்தம் போடும். நான் அந்தச் சத்தத்துக்குத்தான் அமுக்கினேன்.