மண்டோரிடம் சாவியைக் கொடுக்காதே

ரோசலின், நீ அயர்ந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை.

தோட்டத்து மண்டோர் வந்து நம் வீட்டுச் சாவியைக் கேட்டால் கொடுக்காதே. தோட்ட ஆபீஸில் கிராணி காலில் விழுந்தாவது, நான் விட்டுவிட்ட லாரி வேலையையும் இந்த வீட்டையும் திரும்பக் கேட்கப் போகிறேன். படிக்கப் போகிறவளோடு புருஷனும் பிள்ளையும் போக முடியாதபடி விசா சட்டத்தை மாற்றுவார்கள் என்று யார் கண்டது? சர்ச்சில் நம் மூவருக்கும் வழியனுப்பு ஜெபமே முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு போய் உட்காருவேன்?

“அப்ப நானும் போமாட்டேன்லா” என்று ராத்திரி கத்தினாயே, இனி அப்படிச் சொல்லாதே. நீ போயே ஆகவேண்டும்.

மீன் குழம்பு இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்.

ஹென்றி

ஜெனியிடம் ஒன்றும் சொல்லாதே, நான் வந்து சொல்கிறேன். லண்டனுக்கு வாங்கிய குளிர்ச்சட்டையோடுதான் இன்னும் தூங்குகிறாள். கழற்றாதே. ஃபேனை மட்டும் கூட்டி வை.